காக்கை உட்காராத பனைமரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் புதுச்சேரி அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் 'ஆய்வு' என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், கழற்றிப் போட்ட செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிடுங்கள் என்பது அவர் அறிவுரை. மூளை, நரம்பு நோய்க்காரர்களை எலிகளாக்கிவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தேழு வருடம் ஊரார் கடிதங்களைச் சுமந்தவன் நான். சொந்தமாக நாலு பக்கம் எழுத உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அவர் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்த நாளில் அங்கே எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைப்படியில் ஒரு மாப்பிள்ளை இறங்க இன்னொரு மாப்பிள்ளை ஏறுவார். நம் கல்யாணக் கோஷ்டியைத் தவறவிடாமல் நின்றாலே பெரிய காரியம். அந்த நெரிசலில், நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நின்றிருந்த பையன் ஒருவன், இருபது வயது இருக்கும், கை கால் வெட்டி இழுத்துக் கீழே விழுந்தான். "இரும்பு, இரும்பு" என்று நாலு பக்கமும் குரல். ஒருவர் பைக் சாவியை அவன் கையில் திணித்தார். அந்தச் சாவியில் பாதி பிளாஸ்டிக். இன்னொருவர் பந்தியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து பல்லுக்கு நடுவே வைக்கப் பார்த்தார். வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்கு அடியில் என் துண்டை மடித்து வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. சாவி கொடுத்தவர் என்னைப் பார்த்தார். பார்த்தீரா என்பதுபோல ஒரு பார்வை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலான வலிப்புகள், சாவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தாமாக நின்றுவிடும். அவர் வாழ்நாளில் ஐந்தாறு பேருக்குச் சாவி கொடுத்திருப்பார், ஐந்தாறு பேருக்கும் நின்றிருக்கும். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்றுதான் யாருக்கும் தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்வது இதைத்தான். நோய்க்குப் பேரும் காக்காய் வலிப்பு. கால் கை வலிப்பு என்பதுதான் அப்படி ஆயிற்று என்பார்கள். ஆனால் எனக்கு என்னவோ அந்தக் காக்கை வேண்டுமென்றே வந்து உட்கார்ந்ததுபோலத் தோன்றும்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

1994 ஜூன். பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள். என் மகள் பத்தாம் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு பிரவுன் ஷீட் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். வலது கையில் பிடித்திருந்த கத்தரிக்கோல் தானாக ஆட ஆரம்பித்தது. "அப்பா, கை சொன்னபடி கேக்க மாட்டேங்குது" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை மன்னித்துக்கொள்ள முடியவில்லை. விரலில் தொடங்கியது தோளுக்கு ஏறி, முகத்துக்குப் போய், உடம்பு முழுக்க இழுத்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி தன் சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து அழுத்தினார். வலிப்பு நின்றது. பாட்டிக்குத் தெருவில் அன்று முதல் ஒரு மரியாதை.

உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் போனோம். நல்ல மனிதர், எங்களிடம் ஃபீஸ்கூடக் குறைத்துத்தான் வாங்குவார். ஸ்கேனுக்குப் புதுச்சேரிக்கு அனுப்பினார். அதற்கு என் அரை மாதச் சம்பளம் போயிற்று. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். மூளையின் இடது பக்கத்தில் சுண்டைக்காயைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை வளையம். மூளையில் டி.பி. கட்டி என்றார். வலிப்பு மாத்திரையோடு டி.பி. மாத்திரைகளும், ஒன்றரை வருடத்துக்கு.

டி.பி. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும்: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதில் ஒன்றான ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் வருவது அது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்களிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. பிள்ளை கொல்லையிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். அப்புறம் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த என் அக்காள், இவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். மூளைக்குள் இருப்பது எப்படி ஒட்டும் என்று அவளிடம் வாதாட எனக்கே தெம்பில்லை. நாலாவது மாதம் மகளின் கண் மஞ்சளித்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டால், நிறுத்தினால் கட்டி வளரும் என்று பயம் காட்டினார்கள். எங்கள் போஸ்ட்மாஸ்டர்தான், "யோசிக்காதீங்க, வேலூருக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று லீவு எழுதிக்கொடுத்தார்.

விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக பஸ். விடிகாலையில் வேலூரில் இறங்கி, சி.எம்.சி. ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, பிற்பகலில் ஒரு இளம் டாக்டரின் முன்னால் உட்கார்ந்தோம். நாகர்கோவில் பக்கத்துத் தமிழ் பேசினார். ஸ்கேன் ஃபிலிமில் ஸ்கேல் வைத்து அளந்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, கை கால் பலம் குறைந்ததா, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, "டி.பி. மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வலிப்பு மாத்திரை மட்டும் போதும். ஐந்து மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுப்போம்" என்றார்.

பிறகு அது என்ன என்று சொன்னார். நாடாப்புழுவின் குஞ்சு. பன்றி நாடாப்புழு என்று பேர்.

என் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "பன்னியா? ஐயோ டாக்டர், நாங்க கோழிகூட வெளியில சாப்பிட மாட்டோம்!"

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். நான் புரிந்துகொண்ட வரைக்கும் எழுதுகிறேன். சரியாக வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டவர் குடலில் நாடாப்புழு வளரும். அவருக்குப் பெரிதாகத் தொந்தரவுகூட இருக்காது. ஆனால் அவர் மலத்தில் ஆயிரக்கணக்கில் முட்டைகள் வெளியே வரும். அந்த முட்டை கழுவாத கை வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ, பச்சைக் காய்கறி வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், குஞ்சுப்புழு ரத்தத்தோடு போய் மூளையில் தங்கிவிடும். உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கும். அது சாகும்போதுதான் உடம்பு அதை எதிரியாகக் கண்டு சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையின் வீக்கம்தான் வெள்ளை வளையம், வலிப்பும் அதனால்தான். சைவமா அசைவமா என்று அந்த முட்டை பார்ப்பதில்லை. நியூயார்க்கில் பன்றிக்கறியைத் தொடவே தொடாத யூதக் குடும்பங்களில் சிலருக்கு இதே நோய் வந்ததை 1992-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். புழு பரவியிருந்த நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் வழியாக வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள்.

இதைச் சொன்னால் உடனே பன்றி வளர்ப்பவர்கள் மேல் பாய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று: பன்றிக்கு இந்த நோய் நம்மிடமிருந்துதான் போகிறது. கெடிலம் ஆற்றங்கரையில் மனிதன் ஒதுங்கப் போகாவிட்டால், அங்கே மேயும் பன்றிக்குப் புழு ஏது?

இனிமேல் சொல்லப்போவதைப் புதுச்சேரி அன்பர் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்போடு வந்த பலருக்கு இந்தச் சின்ன வளையம் தெரிந்தது. இந்தியாவில் டி.பி.க்குப் பஞ்சமில்லை. ஆகவே இதுவும் டி.பி. என்று முடிவு கட்டி மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு வளையத்தைக் காணோம். மருந்து வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி. அதாவது பக்கத்து வீட்டுப் பாட்டி செய்த அதே தப்பை, எம்.டி. படித்தவர்களும் செய்தார்கள். பாட்டியிடம் சாவி இருந்தது, இவர்களிடம் ரிஃபாம்பிசின் இருந்தது. நிற்கப்போகிற வலிப்பு நின்றது, கரையப்போகிற கட்டி கரைந்தது.

இதை விடாமல் துருவியவர்கள் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர்கள், மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களுடன் இருந்தவர்களும். மருந்து கொடுத்தும் கரையாத கட்டிகளை அறுத்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். டி.பி. கிருமியைத் தேடிய இடத்தில், பெரும்பாலும் புழுவின் மிச்சம்தான் இருந்தது. இது 1991-ல் கட்டுரையாக வந்தது. பிறகு, தலையைத் திறக்காமலே எது புழு, எது டி.பி. என்று பிரித்துச் சொல்ல என்ன வழி என்று தேடினார்கள். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்டதா, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளுகிறதா, மண்டைக்குள் அழுத்தம் ஏறியதற்கு அறிகுறி உண்டா, கை கால் நாளுக்கு நாள் பலவீனமாகிறதா, உடம்பில் வேறெங்காவது டி.பி. உண்டா. இப்படிச் சில கேள்விகள். 1993-ல் அது வெளியானது. 1997-ல், அந்தக் கேள்விகள் உண்மையிலேயே சரியாகப் பிரிக்கின்றனவா என்று பல நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து இன்னொரு கட்டுரை எழுதினார்கள். நாகர்கோவில் தமிழ் டாக்டர் ஸ்கேலை வைத்து அளந்ததற்கும், வீட்டில் யாருக்கு டி.பி. என்று கேட்டதற்கும் அர்த்தம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

கவனிக்க வேண்டியது, இந்த ஆய்வில் புது மருந்து எதுவும் இல்லை. கம்பெனி விற்க ஒன்றுமே இல்லை. எந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம், யார் தலையைத் திறக்க வேண்டாம் என்று கண்டுபிடித்த ஆய்வு அது. ஆய்வு என்றாலே புது மாத்திரையை ஏழை வாயில் போட்டுப் பார்ப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டியை எடுக்கச் சம்மதித்துப் படுத்தவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவர்களின் தலையைத் திறந்து பார்த்ததால்தான் என் மகளின் தலையைத் திறக்காமல் விட்டார்கள். கோயிலுக்குப் போனால் பெயர் தெரியாத அந்த ஆட்களுக்கும் சேர்த்து ஒரு கற்பூரம் ஏற்றச் சொல்வேன். மனைவிக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது.

ஐந்து மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளையம் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இங்கேயும் நேர்மையாக இருக்க வேண்டும். முதல் நாலு மாதம் சாப்பிட்ட டி.பி. மாத்திரைதான் அதைக் கரைத்தது என்று யாராவது வாதிட்டால், என் மகள் ஒருத்தியை வைத்துக்கொண்டு என்னால் மறுக்க முடியாது. ஒரே ஒரு பனைமரத்தைப் பார்த்துக் காக்கை மேல் பழி போடவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. தோப்பு வேண்டும். காக்கை உட்கார்ந்த மரங்கள் பாதி, உட்காராத மரங்கள் பாதி. இரண்டிலும் எத்தனை பழம் விழுந்தது என்று எண்ண வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு பாதிப் பேருக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுக்கிறார்கள் என்று புதுச்சேரி அன்பர் கொதித்திருந்தாரே, அந்த மறு பாதிதான் காக்கை உட்காராத மரம். அது இல்லாமல் போனால் பாட்டியின் சாவிக்கொத்து இன்னும் நூறு வருடத்துக்கு ஓடும்.

எனக்கு வேலூர்க்காரர்கள் மேல் குறை இல்லை. என் குறை வேறு. கடலூரிலிருந்து வேலூர் ஒரு ராத்திரி பஸ் தூரம்தான். அந்தக் காலத்தில் பதினைந்து பைசாவுக்கு ஒரு கார்டு போட்டால் இரண்டு மூன்று நாளில் நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். 1991-லும் 1993-லும் அச்சான விஷயம் 1994 ஜூனில் எங்கள் ஊர் மருத்துவர் மேஜைக்கு வந்து சேரவில்லை. லண்டனிலும் அமெரிக்காவிலும் அச்சான இதழ்களில் இருந்தது, நம் ஊர் மருத்துவர் கண்ணில் படவில்லை. என் பிள்ளையின் கண் மஞ்சளித்தது அந்த இடைவெளியில்தான். தபால்காரனுக்கு இது பொறுக்காது. எழுதிய கடிதம் போய்ச் சேராவிட்டால் எழுதினது எதற்கு?

இதே வேலூர்க் குழு பிற்பாடு வேலூர் மாவட்டத்தில் கிராமமும் நகரமுமாக 50,617 பேரை வீடு வீடாகக் கணக்கெடுத்து 2006-ல் வெளியிட்டது. ஆயிரத்துக்கு நாலு பேருக்குச் சற்றுக் குறைவாக, நடப்பில் வலிப்பு உள்ளவர்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. என் கணக்கு ஒன்று: கடலூர் நகரத்து ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பில் ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வேலூர் விகிதமே இங்கும் என்று வைத்துக்கொண்டால், நம் நகரத்தில் மட்டும் அறுநூற்றைம்பது பேர். இத்தனை பேரை உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெருத் தெருவாகச் சுற்றியவன், எந்த வீட்டில் யாருக்கு மணியார்டர் வரும், யார் வீட்டில் சண்டை என்று எல்லாம் தெரிந்தவன், எனக்கே பத்துப் பேரைக்கூடத் தெரியாது. மறைத்து வைக்கிறார்கள்.

ஏன் மறைக்கிறார்கள் என்றால் கல்யாணம். 1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டத்தில், 1976-ல் திருத்தியபோது, மனநோயோடு சேர்த்து வலிப்பையும் எழுதி வைத்தார்கள். திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவரோடு நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போகலாம். அந்தச் சொல்லை 1999-ல்தான் நீக்கினார்கள். என் மகளுக்குக் கல்யாணம் 2002-ல். மாத்திரை நின்று வருடக்கணக்காகிவிட்டது, வலிப்பு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சிலருக்கு அந்தக் கட்டி கரையாமல் சுண்ணாம்புப் புள்ளியாக நின்றுவிடும், அவர்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம். இவளுக்கு அதுவும் இல்லை. சொல்ல வேண்டாம் என்றாள் என் அக்காள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இரண்டு ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கே போனேன். முதல் இரண்டு வரன் ஃபிலிமைப் பார்த்ததும் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. மூன்றாவது வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா, பரங்கிப்பேட்டைப் பக்கம் படகு வைத்திருந்தவர், இரண்டையும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "போயிடுச்சில்ல? அப்புறம் என்ன?" என்றார்.

இப்போது புதுச்சேரி அன்பரோடு ஒத்துப்போகும் பாதி.

இரண்டு வருடத்துக்கு முன் என் தம்பிக்குப் பக்கவாதம். ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், ஆய்வில் சேரச் சொன்னார்கள். பதினாறு பக்கப் படிவம். தமிழ்தான், ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று கேட்காதீர்கள். 'தாங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்' என்று இருந்தது. தம்பி மனைவி அதைப் படித்துவிட்டு, "ஒதுக்கி வெச்சிடுவாங்களா மாமா?" என்று கேட்டாள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல யாருக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவாகும், டாக்டர் விருப்பமும் இல்லை உங்கள் விருப்பமும் இல்லை, அதுதான் விஷயம். இப்படி எழுதினால் என்ன குறைந்துவிடும்? மருந்தில்லாத மாத்திரையை 'போலி மருந்து' என்று வேறு நாலு இடத்தில் எழுதியிருந்தார்கள். போலி மருந்து என்றால் ஊரில் போலீஸ் பிடிக்கிற சமாசாரம். 'பாதகமான நிகழ்வு' என்று ஒன்று. ஆய்வு நடக்கும்போது உடம்புக்கு வரும் எந்தக் கெடுதலும் என்று எழுதினால் எல்லா ஜனத்துக்கும் புரியுமே, எதற்கு இந்த ஜாதக பாஷை? முப்பத்தேழு வருடம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன், எழுதியவருக்கே அர்த்தம் தெரியாத கடிதத்தை வாசிக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

உரிமைகள் இல்லாமல் இல்லை. ஆய்வுகளைப் பதிந்து வைக்கும் சி.டி.ஆர்.ஐ. பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. மருந்துச் சோதனைகளை அதில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இதெல்லாம் தம்பியின் படிவத்திலும் இருந்தது, பதினோராம் பக்கத்தில், எறும்பு எழுத்தில். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் தம்பி மனைவி அழுதிருக்க மாட்டாள்.

தம்பி சேர்ந்தான். நான்தான் சேரச் சொன்னேன். ஆறு மாதம் மாத்திரை, அப்புறம் மாதா மாதம் போன் செய்து விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். பிறகு போன் நின்றது. ஆய்வு முடிந்ததா, பலன் உண்டா இல்லையா, தம்பிக்குக் கிடைத்தது மருந்தா வெறும் மாத்திரையா, ஒன்றும் தெரியாது. இரண்டு தடவை நேரில் போய்க் கேட்டேன். போனில் விசாரித்த மேடம் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

பலன் இல்லை என்று வந்தாலும் சொல்லலாமே. அதுவும் சேதிதான். பக்கவாதம் வந்தவருக்கு வீட்டிலேயே உறவுக்காரர் பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொடுத்தால் அதிகம் தேறுவார்களா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பு கிடைத்தவர்களைவிட இவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. பயிற்சியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் இதைத் தம்பி மனைவி தெரிந்துகொண்டிருந்தால், அவன் கை சரியாக வராததற்குத் தான் ஒழுங்காகப் பிடித்துவிடாததுதான் காரணம் என்று இரண்டு வருடமாகத் தன்னையே நொந்துகொண்டிருக்க மாட்டாள். இதை நான் அவளிடம் சொன்ன அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ரிஜிஸ்டர் தபாலில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? கடிதம் கிடைத்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். நாங்கள் ஏ.டி. கார்டு என்போம். அந்த அட்டை திரும்பி வரும்வரை அனுப்பியவர் வாசலிலேயே நிற்பார். இப்போது ரிஜிஸ்டர் தபாலையே ஸ்பீடு போஸ்ட்டோடு கலந்துவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். ஆய்வில் சேர்ந்தவர் உடம்பையே அனுப்பி வைத்திருக்கிறார். அவருக்கு ஓர் அட்டை திரும்பி வர வேண்டாமா? 'நீங்கள் கலந்துகொண்ட ஆய்வு முடிந்தது. முடிவு இது. உங்களுக்குக் கொடுத்தது இது. நன்றி.' நாலு வரி, நல்ல தமிழில். அப்புறம் அதே நாலு வரி கடலூர், பண்ருட்டி, சிதம்பரத்து மருத்துவர்களுக்கும் போகட்டும்.

ஆகவே புதுச்சேரி அன்பருக்கு: ஓடாதீர்கள். உட்காருங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள், எனக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேளுங்கள், முடிவை எனக்கு எப்போது சொல்வீர்கள் என்று கேட்டு அதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதி வாங்குங்கள். திருப்தி இல்லையென்றால் அப்போது எழுந்து வாருங்கள், செருப்பை நிதானமாகத் தேடிப் போட்டுக்கொண்டு.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கடிதத்தைச் சுருக்குவதென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், வாயில் கரண்டி வைக்கக் கூடாது என்ற இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். என் பெயரைப் போட வேண்டாம். மகளுக்கு ஆட்சேபணை இல்லை, போடுங்கள் என்றுதான் சொன்னாள். என் மனைவிதான், பேத்திக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இது எதற்கு என்கிறாள். ஒரு மணி நேரம் வாதாடிப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.